அயலில் நாய்கள் இருமத் தொடங்கினால் வீட்டு நாயை எப்படிக் காப்பது?

கேட்டிருப்பது சுருக்கமாக இது: மட்டக்களப்பு கல்லடியில் ஓர் ஒழுங்கை. இரண்டு கிழமையாக அங்கே நாய்கள் இருமுகின்றன. முன்வீட்டில் இரண்டு குட்டிகள் செத்துவிட்டன, அதில் ஒன்றுக்குக் கடைசியில் வலிப்பும் வந்தது. உங்களிடம் 3 வயதுக் கடுவன் நாய் ஒன்று, 10 கிழமைக் குட்டி ஒன்று. கடுவனுக்கு விசர்நாய் ஊசி மட்டும் போட்டிருக்கிறீர்கள். குட்டிக்கு இன்னும் எதுவும் போடவில்லை. பாமசியில் அன்டிபயோட்டிக் வாங்கி முன்கூட்டியே கொடுத்து வைக்கலாமா, நோய் அண்டாமல் வேறு என்ன செய்யலாம் என்று கேட்கிறீர்கள்.

அன்டிபயோட்டிக் வேண்டாம். வைரஸ் வருவதை அது தடுக்காது. வீணாகக் கொடுத்து வைத்தால், பிறகு உண்மையாகவே நிமோனியா வரும்போது அதே மருந்து வேலை செய்யாமல் போகலாம். இன்றைக்குச் செய்ய வேண்டியது வேறு: படலையைச் சாத்துங்கள், கடுவனையும் குட்டியையும் தனித்தனியே வையுங்கள், மிருக வைத்தியருக்குத் தொலைபேசி எடுத்து டிஸ்டெம்பர் என்ற கொடிய வைரஸ் நோய்க்கான ஊசி கையிருப்பில் உண்டா என்று கேளுங்கள். இந்த மூன்றில் எதையும் நாளைக்குத் தள்ள வேண்டாம்.

கடுவனும் குட்டியும் ஒன்றாகத்தானே வளர்கின்றன, ஏன் பிரிக்க வேண்டும் என்று தோன்றும். கடுவன் இந்த இரண்டு கிழமையும் ஒழுங்கையில் திரிந்திருக்கும், மற்ற நாய்களை முகர்ந்திருக்கும். அதற்குத் தொற்றியிருந்தாலும் இன்னும் ஒன்றும் தெரியாது. சாதாரண நாய் இருமல் தொற்றி 2 முதல் 14 நாளுக்குள் வெளிப்படும். நாய் இன்ஃபுளுவென்சா 2 முதல் 4 நாளில். டிஸ்டெம்பர் ஒன்று இரண்டு கிழமையில், சிலவேளை அதற்கும் பிந்தி. நாய் நன்றாகச் சாப்பிட்டு வாலாட்டிக்கொண்டிருக்கும் அந்த நாட்களிலேயே மூக்கிலிருந்தும் எச்சிலிலிருந்தும் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். இருமல் தொடங்கிய பிறகு பிரிப்பது பெரும்பாலும் பிந்திய வேலை. கடுவன் நலமாக இருந்தாலும் 14 நாள் குட்டி ஒரு பக்கம், கடுவன் ஒரு பக்கம்.

எங்கள் பக்கம் நாய் இருமினால் "தடிமன் பிடித்திருக்கு" என்று சொல்லி விட்டுவிடுவோம். அந்த ஒரு சொல்லுக்குள் மிகவும் வேறுபட்ட நோய்கள் ஒளிந்திருக்கின்றன. ஒன்று, கென்னல் கோஃப் என்று மிருக வைத்தியர்கள் சொல்லும் தொற்று இருமல். போர்டெட்டெல்லா என்ற பக்ரீரியா, பாரா இன்ஃபுளுவென்சா வைரஸ், இரண்டாம் வகை அடினோ வைரஸ், மைக்கோபிளாஸ்மா எனப் பல கிருமிகள் தனியாகவோ சேர்ந்தோ அதை உண்டாக்கும். இருமல் பொல்லாததாகக் கேட்கும், ஆனால் பெரும்பாலான வளர்ந்த நாய்கள் ஒன்று இரண்டு கிழமையில் தாமாகவே தேறிவிடும். இரண்டாவது நாய் இன்ஃபுளுவென்சா. அமெரிக்காவில் 2004இல் ஓட்டப்பந்தய நாய்களிடம் எச்3என்8 என்ற வகையும், 2015இல் சிக்காகோவில் எச்3என்2 என்ற வகையும் பரவின. நாய்களுக்கு முன்பின் பழக்கமில்லாத கிருமியானதால் ஒரு கொட்டிலில் புகுந்தால் அநேகமாக எல்லாவற்றையும் பிடிக்கும். மூன்றாவது டிஸ்டெம்பர். ஊசி போடாத நாய்கள் நிறைந்த ஓர் இடத்தில் குட்டிகள் சாகின்றன, வலிப்பு வருகிறது என்றால் முதலில் நினைக்க வேண்டியது இதைத்தான். பரிசோதித்து வேறு என்று உறுதியாகும் வரை, உங்கள் ஒழுங்கையில் பரவுவது டிஸ்டெம்பர் என்று எடுத்துக்கொண்டே நடந்துகொள்ளுங்கள்.

டிஸ்டெம்பரின் பொல்லாத குணம் அது விட்டு விட்டு வருவது. தொற்றிச் சில நாளில் ஒரு காய்ச்சல் வந்து ஓரிரு நாளில் போய்விடும். நாய் கொஞ்சம் சோர்ந்து கிடந்தது என்பதற்கு மேல் யாரும் கவனிக்க மாட்டார்கள். பிறகு இரண்டாவது காய்ச்சல். அதோடு கண்ணில் முதலில் நீர், பின்பு மஞ்சள் பீளை. காலையில் இமைகள் ஒட்டிக்கொள்ளும், மூக்கு நுனி காய்ந்து பொருக்குக் கட்டும். இருமல், வயிற்றோட்டம், சில குட்டிகளுக்கு அடிவயிற்றில் சிறு கொப்புளங்கள். சளி வற்றி, நாய் மறுபடியும் சாப்பிடத் தொடங்கியதும் வீட்டார் ஆறுதல் அடைவார்கள். ஒன்று இரண்டு கிழமை கழித்து, சிலவேளை மாதங்கள் கழித்து, நரம்பில் காட்டத் தொடங்கும். நாய் படுத்திருக்கும்போது நெற்றிப் பொட்டையும் தாடையையும் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். கடிகார முள் மாதிரி ஒரே தாளத்தில் தசை துடித்தால், அல்லது வெறும் வாயை மெல்லுவது போலத் தாடை அடித்து நுரை தள்ளினால், அது டிஸ்டெம்பரின் கையொப்பம் போன்றது. உள்ளங்கால் தோல் தடித்துக் கடினமாவதும் உண்டு. இதைக் கொல்லும் மருந்து என்று ஒன்று கிடையாது. பிழைப்பது நாயின் எதிர்ப்புச் சக்தியிலும் நாம் செய்யும் பராமரிப்பிலும்தான் தங்கியிருக்கிறது. அதனால்தான் ஊசியை இவ்வளவு வற்புறுத்திச் சொல்வது.

ஊசி விடயத்தில் எங்கள் பக்கம் இருக்கும் பெரிய மயக்கம், விசர்நாய் ஊசி போட்டால் எல்லாவற்றுக்கும் போட்டாயிற்று என்பது. ஊருக்குள் வந்து இலவசமாகப் போடும் அந்த ஊசி விசர்நோயை மட்டுமே தடுக்கும். அது கட்டாயம் வேண்டும். ஆனால் டிஸ்டெம்பருக்கும், இரத்த வயிற்றோட்டம் தரும் பார்வோ வைரஸுக்கும் அது ஒன்றும் செய்யாது. அவற்றுக்கான கூட்டு ஊசியைத் தனியாகப் பணம் கொடுத்துப் போட வேண்டும். டிஸ்டெம்பர், ஈரல் அழற்சி, பார்வோ, பாரா இன்ஃபுளுவென்சா ஆகியவற்றோடு எலிக்காய்ச்சலும் சேர்ந்திருக்கும் குப்பியைக் கேளுங்கள். மாரி வெள்ளத்தில் எலி மூத்திரம் கலக்கும் எங்கள் மண்ணுக்கு அந்தக் கடைசி ஒன்றும் தேவை. போர்டெட்டெல்லா இந்தக் கூட்டு ஊசியில் இல்லை, அது தனி மருந்து. மூக்கில் விடும் வகை கிடைத்தால் 3 முதல் 5 நாளில் பாதுகாப்புத் தொடங்கும். தோலுக்குக் கீழே போடும் வகைக்கு 2 முதல் 4 கிழமை இடைவெளியில் இரண்டு தரம் வேண்டும். மூக்கில் விடுவதை ஒருபோதும் ஊசியாகக் குத்தக் கூடாது.

குட்டிக்கு: இப்போது ஒன்று, 13ஆம் கிழமையில் ஒன்று, 16 கிழமை முடிந்த பிறகு ஒன்று. அயலில் நோய் கடுமையாக இருப்பதால் வைத்தியர் இரண்டு கிழமைக்கு ஒன்றாக நெருக்கிப் போடச் சொல்லலாம், அது சரிதான். கடைசி ஊசி 16 கிழமைக்குப் பின் விழ வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புப் பொருள் குட்டியின் இரத்தத்தில் இருக்கும் வரை அது ஊசி மருந்தையும் கிருமியாக எண்ணி அழித்துவிடும். எந்தக் குட்டிக்கு அது எந்தக் கிழமையில் தீரும் என்று வெளியிலிருந்து தெரியாது. ஒரே ஒரு ஊசி போட்ட குட்டிகள் டிஸ்டெம்பரில் விழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கடுவனுக்கு இப்போது ஒன்று, 3 அல்லது 4 கிழமையில் இன்னொன்று, பிறகு ஒரு வருடத்தில் ஒன்று.

நோய்க்காலத்தில் ஊசி போடலாமா என்று பயப்படுகிறவர்கள் உண்டு. காய்ச்சல் இல்லாத, சாப்பிடுகிற நாய்க்குப் போடலாம், போடவும் வேண்டும். உயிருள்ள வைரஸைப் பலவீனமாக்கிச் செய்த டிஸ்டெம்பர் ஊசி சில நாட்களுக்குள்ளேயே காக்கத் தொடங்கிவிடும். ஆனால் ஊசி போடுவதற்கு முன்பே தொற்றிவிட்டிருந்தால் நோய் வரத்தான் செய்யும். ஊசி போட்ட மூன்றாம் நாள் நாய் இருமினால் "ஊசிதான் நோயைக் கொண்டுவந்தது" என்ற கதை ஒழுங்கை முழுக்கப் போய்விடும், அயலவர் தங்கள் குட்டிகளுக்குப் போடாமல் விடுவார்கள். கிருமி முதலே உள்ளே இருந்தது என்பதை அவர்களுக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லுங்கள். சினைப்பட்ட பெட்டைக்கு உயிருள்ள ஊசி போடுவதில்லை. காய்ச்சல் அடிக்கும் நாய்க்கும் ஒத்திப் போடுவார்கள்.

மருந்து 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் இருந்தால்தான் உயிரோடு இருக்கும். பாமசியில் குப்பியை வாங்கி, பையில் போட்டு, கச்சான் காற்றடிக்கும் வெயிலில் களுவாஞ்சிக்குடி வரை பஸ்ஸில் கொண்டுபோய்த் தெரிந்தவரைக் கொண்டு குத்துவது, வெறும் தண்ணீரைக் குத்துவதற்குச் சமம். வைத்தியர் இருக்கும் இடத்திலேயே குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்துக் கலந்து உடனே போடுவதே பாதுகாப்பு. போட்ட குப்பியின் ஒட்டுச்சீட்டை அட்டையில் ஒட்டித் தரச் சொல்லுங்கள்.

இனி வளவு. காற்றில் மட்டும் பரவும் நோய் என்று நினைத்தால் பாதி வழியை அடைக்க மறந்துவிடுவோம். இருமும் நாயின் துளிகள் 6 மீற்றர் வரை போகும். அதனால் வேலிக்கு அப்பால் நிற்கும் நாயோடு மூக்கு முட்டாமல் இருப்பது முதல் வேலை. தகரவேலியோ மதிலோ இருந்தால் நல்லது. கம்பிவேலி என்றால் கீழ்ப்பகுதியைக் கிடுகாலோ பழைய தகரத்தாலோ நாயின் தலை உயரத்துக்கு மறைத்துவிடுங்கள். ஆனால் படலையால் உள்ளே வருகிறவர்களும் கிருமியைக் கொண்டுவருவார்கள். இன்ஃபுளுவென்சா வைரஸ் கையில் 12 மணி நேரம், உடுப்பில் 24 மணி நேரம், கோப்பை தரை போன்றவற்றில் 48 மணி நேரம் வரை உயிரோடு இருக்கும். முன்வீட்டுக் குட்டியைத் தடவிவிட்டு வந்த பிள்ளை உங்கள் குட்டியைத் தூக்கினால் வேலி இருந்தும் பயனில்லை. வெளியே போட்ட செருப்பைப் படலையடியில் விடுங்கள். கையைச் சவுக்காரம் போட்டு 20 வினாடி தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் நாயைத் தொட வேண்டும். நாய்க்கு முகக்கவசம் போடாதீர்கள். அது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடலைக் குளிராக்குகிறது.

கடற்கரையில் நாய்களைக் கூட்டாக ஓடவிடுவது, மீன்வாடியடிக்குக் கூட்டிப்போவது, கொழும்புக்குப் போகும்போது பல நாய்கள் தங்கும் இடத்தில் விட்டுச்செல்வது எல்லாம் இந்தக் காலத்தில் நிற்க வேண்டும். வயல் காவலுக்கு நாயைக் கொண்டுபோகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். டிஸ்டெம்பர் நரிக்கும் மரநாய்க்கும் வரும். தள்ளாடும் நரி ஒன்று வரம்பில் கிடந்தால் நாயை அண்ட விடாதீர்கள், நீங்களும் கிட்டப் போகாதீர்கள், அது விசராகவும் இருக்கலாம். 1994இல் ஆபிரிக்காவின் செரெங்கெற்றிக் காட்டில் டிஸ்டெம்பர் புகுந்து சிங்கங்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றது. ஊர் நாய்களுக்கு ஊசி போடுவது காட்டு விலங்குகளுக்கும் செய்யும் உதவி.

கட்டாக்காலி நாய்களுக்குச் சோறு வைக்கிறவராக இருந்தால் நிறுத்திவிடாதீர்கள். பசித்தால் அவை இன்னும் நெருக்கமாகக் குப்பை மேட்டில் கூடும், உங்கள் படலையிலும் வந்து படுக்கும். ஒரே சட்டியில் வைப்பதை மட்டும் நிறுத்துங்கள். வாழையிலைத் துண்டில் ஆளுக்கொரு கவளமாக, பத்துப் பத்துக் காலடி தள்ளி, உங்கள் வீட்டிலிருந்து எட்டவாக வையுங்கள். கால்மணி நேரத்தில் மிச்சத்தை இலையோடு அள்ளிப் புதைத்துவிடலாம். பொதுத் தண்ணீர்த் தொட்டி இருந்தால் தினமும் ஊற்றிக் கழுவ வேண்டும்.

கழுவும் வேலையில் நிறையப் பேர் பிழை விடுவது ஒழுங்குமுறையில். அழுக்கின் மேல் குளோரினை ஊற்றினால் குளோரின் அழுக்கோடு முடிந்துவிடும், கிருமி மிஞ்சும். முதலில் சளியையும் மலத்தையும் துடைத்தெடுத்து, சவுக்காரத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அதன் பிறகே குளோரின். 5 சதவீத திரவக் குளோரின் என்றால் 1 லீற்றர் தண்ணீருக்கு 30 மில்லி லீற்றர். கிணற்றுக்குப் போடும் தூள் என்றால் பக்கற்றில் உள்ள வீதத்தைப் பாருங்கள்: 30 சதவீதம் என்றால் 1 லீற்றருக்கு மட்டமாக ஒரு தேக்கரண்டி, 65 சதவீதம் என்றால் அரைத் தேக்கரண்டி. கரைத்துத் தெளியவிட்டு மேல்தண்ணீரை எடுக்க வேண்டும். தரையில் 10 நிமிடம் ஈரமாகவே நிற்கவிட்டு, பிறகு நல்ல தண்ணீரால் கழுவிக் காயவிடுங்கள். நாய் அங்கே காலை நக்கும். அன்றன்றைக்குக் கரைப்பதே நல்லது, கரைத்து வைத்தால் வலு குறையும். கழிப்பறை கழுவும் அசிட்டுடன் ஒருபோதும் கலக்க வேண்டாம், நச்சு வாயு வரும். டெட்டோலும் பினைலும் நாய் படுக்கும் இடத்துக்கு ஏற்றவையல்ல, நக்கினால் வாயும் குடலும் புண்ணாகும்.

டிஸ்டெம்பர் வைரஸ் கொழுப்புறை உள்ளது, சவுக்காரத்துக்கும் வெயிலுக்கும் சீக்கிரம் சாகும். ஆனி ஆடிக் கச்சானில் வெளியே காயும் சாக்கில் அது சில மணி நேரம்கூடத் தாங்காது. ஐப்பசியிலிருந்து தை வரை, வாடைக்காற்றோடு மழை பெய்து வெயிலே எட்டாத ஈரக் கொட்டிலில் அது அதிகம் தாக்குப்பிடிக்கும். மாரியில் நாய்கள் விறாந்தைகளிலும் பஸ் தரிப்பிடங்களிலும் நெருங்கிப் படுப்பதும் சேர்ந்துகொள்ளும். வெள்ளம் வந்து பாடசாலையில் தங்க நேர்ந்தால் நாயின் கோப்பையையும் சங்கிலியையும் கூடவே கொண்டுபோங்கள். ஊசி அட்டையைப் பொலித்தீன் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மற்ற நாய்களிலிருந்து 6 மீற்றராவது தள்ளி, காற்று வரும் பக்கமாகக் கட்டுங்கள்.

இவ்வளவும் செய்தும் கடுவன் இருமினால் என்ன செய்வது? முதலில் இருமலைக் கேளுங்கள். தொற்று இருமல் வறண்டு, வாத்துக் கத்துவது போலக் கரகரத்து, கடைசியில் தொண்டையைக் காறி வெண்ணுரை தள்ளி முடியும். பார்க்கிறவர்கள் எலும்பு சிக்கிவிட்டது என்றே நினைப்பார்கள். இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. குரல் மாறி, எச்சில் வடிந்து, தாடை தொங்கி, விழுங்க முடியாமல் நிற்கும் நாய்க்கு வாய்க்குள் கையை விடாதீர்கள். விசர்நோயில் ஒரு வகை கடிக்காது, ஊமைபோல இப்படித்தான் நிற்கும். எச்சில் கீறலில் பட்டால் 15 நிமிடம் சவுக்காரமும் ஓடும் தண்ணீரும் விட்டுக் கழுவி, அன்றைக்கே அரச ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அடுத்தது, நாய் ஆழ்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை 30 வினாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30க்குள் இருந்தால் நல்லது. 40ஐத் தாண்டினால், அதுவும் விசிறியடியில் குளிராகப் படுத்திருக்கும்போதே தாண்டினால், நுரையீரலில் இறங்கிவிட்டது என்று எடுத்துக்கொண்டு அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். முழங்கையை அகட்டி, கழுத்தை நீட்டி, வயிற்றை இழுத்து மூச்சுவிட்டாலும், பல் முரசு இளஞ்சிவப்பு மாறி நீலம் பூத்தாலும் நேரம் பார்க்காமல் ஓட்டோவைக் கூப்பிடுங்கள். காய்ச்சலைக் காதைத் தொட்டு அறிய முடியாது. டிஜிற்றல் வெப்பமானியின் நுனியில் வசிலின் பூசி, வால் தூக்கி, 2 சென்ரிமீற்றர் மலவாயினுள் வைத்துப் பாருங்கள். 38.3 முதல் 39.2 வரை நாய்க்கு இயல்பு, 39.4க்கு மேல் காய்ச்சல். வளர்ந்த நாய் ஒரு நாளும், குட்டி அரை நாளும் சாப்பிடாவிட்டால், சளி மஞ்சளோ பச்சையோ ஆனால், இருமல் 10 நாளைத் தாண்டினால் அதுவும் வைத்தியரின் வேலை. கண்ணும் மூக்கும் தெளிவாக, சாப்பாடு எடுத்துக்கொண்டு, இருமல் மட்டும் இருக்கும் வளர்ந்த நாயை வீட்டில் வைத்துப் பார்க்கலாம். குட்டி இருமினால் காத்திருக்கக் கூடாது.

போகும் முன் தொலைபேசியில் "இருமும் நாய்" என்று சொல்லிவிடுங்கள். அங்கே ஊசி போட வந்த குட்டிகள் நிற்கும். கூப்பிடும் வரை ஓட்டோவிலேயே வைத்திருப்பது உங்கள் கடமை. கழுத்துப்பட்டி வேண்டாம், மூச்சுக்குழாயை அழுத்தி இருமலைக் கூட்டும், மார்புப்பட்டி போடுங்கள். ஊசி போட்டு மூன்று கிழமைக்குள் என்றால் அதைச் சொல்லுங்கள், டிஸ்டெம்பர் பரிசோதனையை ஊசி மருந்தே பிழையாகக் காட்டக்கூடும். உண்ணி அதிகமுள்ள நாய் என்றால் அதையும் சொல்ல வேண்டும். உண்ணிக் காய்ச்சலிலும் நாய் இப்படிச் சோரும். காய்ச்சலும் பச்சைச் சளியும் இருந்தால் வைத்தியர் அநேகமாக டொக்சிசைக்கிளின் தருவார். அந்தக் குளிசையை வெறும் வாயில் போடாமல் சோற்றுக்குள் வைத்து, பின்னால் தண்ணீரும் குடிக்கச் செய்யுங்கள். தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும். சொன்ன நாள் முழுவதும் கொடுக்க வேண்டும், இருமல் நின்றதும் நிறுத்தக் கூடாது.

பனடோல், புரூஃபன், டைக்ளோஃபெனாக் எதுவும் கொடுக்காதீர்கள். மனிதருக்கான இருமல் பாணியும் வேண்டாம். அதிலுள்ள சில பொருட்கள் நாயின் இதயத்தைத் தாக்கும், சீனிக்குப் பதில் சைலிற்றோல் சேர்த்ததென்றால் உயிருக்கே ஆபத்து. சளியோடு இருமும் நாய்க்கு இருமலை அடக்குவதும் கூடாது, சளி உள்ளே தங்கிவிடும். உள்ளி, வெங்காயம் சேர்ந்த கசாயம் சிவப்பணுக்களை உடைக்கும். கொத்தமல்லி அவித்த தண்ணீரில் நஞ்சில்லை, ஆனால் வாயைப் பிடித்து ஊற்றினால் அது நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். தானாகக் குடிக்காத எதையும் ஊற்ற வேண்டாம்.

மூக்கடைத்த நாய் சாப்பிடாமல் இருப்பது பெரும்பாலும் மணம் தெரியாததால். ஈரத்துணியால் மூக்குப் பொருக்கையும் பீளையையும் ஊறவைத்துத் துடைத்துவிட்டு, குழைந்த சோற்றில் முள்ளெடுத்த மீனும் அவித்த தண்ணீரும் இளஞ்சூடாகப் பிசைந்து வையுங்கள். உப்பு, புளி, மிளகாய் எதுவும் வேண்டாம். சூட்டில் மணம் எழும்பும், பல நாய்கள் அதற்கு மட்டும் தலையைத் தூக்கும். தண்ணீர் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி லீற்றர். 10 கிலோ நாய்க்கு அரை லீற்றருக்குக் குறையக் கூடாது. கதவு மூடிய குளியலறையில் ஒரு வாளி சுடுதண்ணீரை நாய்க்கு எட்டாத இடத்தில் வைத்து, 10 முதல் 15 நிமிடம் நீங்களும் கூட இருந்து ஆவி பிடிக்கவிடலாம். ஒரு நாளைக்கு இரண்டு தரம் போதும். மூச்சுத் திணறும் நாய்க்கும், மூக்குச் சப்பையான சாதிக்கும் வேண்டாம். நாய் படுக்கும் பக்கம் நுளம்புத்திரி, சாம்பிராணி, விறகடுப்புப் புகை மூன்றும் ஆகாது. நுளம்புக்கு வலை கட்டுங்கள். சுகமாகும் வரை குளிப்பாட்டாதீர்கள்.

நோயாளி நாயின் இடம் வாடைக்கு மறைவாக, ஆனால் காற்றோட்டமாக இருக்க வேண்டும். தரையில் பலகை, அதன் மேல் தினமும் மாற்றும் சாக்கு. அதற்கென்று தனிக் கோப்பை, தனித் தும்புத்தடி, உங்களுக்கென்று அங்கேயே கழற்றி விடும் ஒரு பழைய சாரமும் செருப்பும். சாப்பாடு வைப்பதும் கழுவுவதும் எப்போதும் குட்டியில் தொடங்கி நோயாளியில் முடிய வேண்டும், மறந்தும் திருப்பிச் செய்யக் கூடாது. வீட்டில் ஒரே ஆள் நோயாளியைப் பார்த்தால் இன்னும் நல்லது. பூனை இருந்தால் அதையும் அந்தப் பக்கம் விட வேண்டாம், போர்டெட்டெல்லாவும் எச்3என்2வும் பூனைக்கும் போகும். டிஸ்டெம்பர் மனிதருக்கு வராது. எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்கள், புற்றுநோய் மருந்து எடுப்பவர்கள் மட்டும் இருமும் நாயிடமிருந்து விலகியிருக்கட்டும். அவர்களுக்கு மிக அரிதாக போர்டெட்டெல்லா தொற்றியிருக்கிறது.

பிரித்து வைத்ததை எப்போது முடிப்பது என்பதில்தான் அநேகர் அவசரப்படுகிறார்கள். இருமல் நின்ற நாள் கணக்கில்லை. என்ன கிருமி என்று பரிசோதிக்காத நாயை நோய் தொடங்கிய நாளிலிருந்து 28 நாள் தனியே வையுங்கள். எச்3என்2 மூன்று நான்கு கிழமை வரை வெளியேறும், போர்டெட்டெல்லா அதற்கு மேலும் போகலாம். டிஸ்டெம்பர் என்று உறுதியானால் இரண்டு மூன்று மாதம், சிலவேளை நான்கு மாதம் வரை வைரஸ் வெளியேறும். அந்த நாயை ஊசி முடியாத எந்தக் குட்டியோடும் விடக் கூடாது. கடைசி நாளில் சாக்குகளை எரித்து, பலகையையும் கோப்பையையும் மேலே சொன்னபடி கழுவி, இரண்டு நாள் வெயிலில் போடுங்கள். குட்டி செத்த வீட்டில் புதுக்குட்டி வாங்க நினைத்தால், முதல் இரண்டு ஊசியாவது முடிந்த குட்டியாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள். டிஸ்டெம்பர் மண்ணில் நீண்ட நாள் நிற்காது, ஆனால் செத்ததற்குக் காரணம் பார்வோவாக இருந்தால் அது மாதக் கணக்கில் நிற்கும். உங்கள் குட்டிக்கு 16 கிழமை ஊசி போட்டு இரண்டு கிழமை போகட்டும், அதன் பிறகு ஒழுங்கைக்கு இறக்கலாம்.